கை தெளிவாக இல்லை

மூன்றாவது சிடியும் திரும்பி வந்தபோது, அதைக் கொண்டுவந்த அண்ணன் மகள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசற்படியில் நின்றபடியே நீட்டினாள்.

"கை தெளிவா இல்லையாம், சித்தப்பா."

"இதுலயுமா?"

"முதல் சிடியில கட்டம் கட்டமா தெரிஞ்சுது. அடுத்ததுல மெழுகு உருகின மாதிரி. இதுல சீப்பு மாதிரி பல்லு பல்லா வருதுங்கறார் அப்பா. அப்புறம், பாதிக்கு மேல கையே காணோமாம்."

"முகம்? முகம் எப்படியிருக்காம்?"

"முகத்தை யாரு கேட்டா?" என்றாள் அவள்.

சிடியை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார் அவர். ஒரு கீறல்கூட இல்லை. அதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. கீறல் விழுந்திருந்தால் கீறல் என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

அவரைக் குடும்பத்தில் எல்லோரும் ஃபோகஸ் என்றுதான் சொல்வார்கள். பெரியவர்களுக்கு வெறும் ஃபோகஸ், சிறியவர்களுக்கு ஃபோகஸ் மாமா, ஃபோகஸ் தாத்தா. அண்ணன் மகள் மட்டும் ஒற்றையாய்ச் சித்தப்பா என்பாள். இருபத்தாறு வருடம் உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்த்தவர். அதில் சம்பாதித்த பெயர் எதுவும் வீட்டுப் பக்கம் வரவில்லை. எட்டாவது மாடியைக் காலி செய்துவிட்டுப் போன ஒருவர் கழித்துக்கட்டிய வீடியோ கேமராவை இவர் எடுத்து வந்த நாளிலிருந்துதான் இந்தப் பட்டம்.

அந்தக் கேமராவில் அவர் எடுத்த முதல் படம் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். மண்டபம் முழுவதும் ஒரே சட்டத்தில் வர வேண்டும் என்று சுவரோடு சுவராக ஒட்டி நின்று இரண்டு மணி நேரம் எடுத்தார். எல்லோரும் கூடி உட்கார்ந்து டிவியில் போட்டுப் பார்த்தபோது அத்தை எழுந்து நின்று கேட்டாள்: "ஏன்டா, நான் எங்கடா இருக்கேன் இதுல? எறும்பு ஊர்றதையா படம் புடிச்சிருக்கே?" வீடே சிரித்தது. அவருக்குக் காது மடல் சிவந்துபோயிற்று. அன்றைக்கு முடிவு கட்டினார், இனிமேல் முகம். யார் வாயைத் திறந்தாலும் விரல் தானாகப் பொத்தானுக்குப் போகும். முகம் மெல்ல மெல்லப் பெரிதாகித் திரையை நிறைக்கும். ஆடாமல், திணறாமல், பத்து நொடியில் ஒரு முகத்துக்குள் போய்ச் சேர்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அத்தையே பிறகு சொன்னாள், "இப்பத்தான்டா நான் மனுஷி மாதிரி இருக்கேன்" என்று.

அண்ணன் அவருக்கு நான்கு வயது மூத்தவர், தையல்காரர். மூன்று வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டது. அண்ணிக்குப் பிறவியிலேயே கேட்காது. அந்த வீட்டில் பேச்செல்லாம் கையால்தான். மகள் வாயால் பேசக் கற்பதற்கு முன்னாலேயே கையால் பால் கேட்டவள். ஆனால் ஃபோகஸுக்கு அந்தக் கைப்பேச்சில் தெரிந்ததெல்லாம் எண்ணி ஒன்பது சொற்கள்: வா, சாப்பிடு, அம்மா, வேலை, மழை, போதும், நாளைக்கு, நன்றாக இருக்கிறது, மறுபடி. அதற்கு மேல் தேவைப்படவில்லை. அண்ணன் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார். அண்ணன் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் வெட்டுத்துணியில் சாக்பீஸால் எழுதிக் காட்டுவார். ஐம்பது வருடம் இப்படியே ஓடிவிட்டது. ஓடியதே தவிர, அண்ணன்தான் ஓடினார், தான் நின்ற இடத்திலேயே நின்றோம் என்பது இவருக்குத் தோன்றியதில்லை.

பதினான்கு வருடத்துக்கு முன்னால் அண்ணன், அண்ணிக்கு இருபத்தைந்தாவது கல்யாண நாள் வந்தது. அண்ணன் குடியிருந்த கட்டடத்தின் மொட்டை மாடியில் சொந்தங்கள் கூடினார்கள். அன்று பார்த்து லிஃப்ட் நின்றுபோனது. "மெக்கானிக்கை வச்சுக்கிட்டே மாடிப்படி ஏற வேண்டியிருக்கே!" என்று எல்லோரும் இவரை ஓட்டினார்கள். "இன்னைக்கு நான் கேமராமேன். மெக்கானிக் நாளைக்கு வருவாரு" என்று இவரும் பதிலுக்கு விட்டார். அதனால் நாற்காலிகளைக் கீழேயிருந்து தூக்கிவர அண்ணனும் மகளும் போக வேண்டியதாயிற்று.

அந்த இடைவெளியில் அண்ணி கேமராவுக்கு முன்னால் வந்து நின்றாள். சுற்றியிருந்தவர்களில் கைப்பேச்சு தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அது தெரிந்தேதான் வந்தாள். ஒன்றரை நிமிடம் பேசினாள். படியில் நாற்காலியோடு அண்ணனின் தலை தெரிந்ததும் கைகளைப் பொத்தென்று கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். என்ன சொன்னாய் என்று அண்ணன் கையால் கேட்டார். படத்தில் பார்த்துக்கொள் என்றாள்.

படம் வரவேயில்லை. ஓரிரு மாதத்தில் கேமராவுக்குள் இருந்த பெல்ட் பிசின் மாதிரி இளகிப் போனது. டேப்பை ஓட்டிப் பார்க்கவும் அந்தக் கேமராதான் வேண்டும். "பார்க்கறேன், பார்க்கறேன்" என்று ஃபோகஸ் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த வீட்டில் அது ஒரு வேடிக்கையாகவே ஆகிவிட்டது. என்ன சண்டை வந்தாலும், எதற்கு அண்ணன் முறைத்தாலும், அண்ணி கையை ஆட்டுவாள்: அதான் படத்தில் சொல்லிவிட்டேனே. பதின்மூன்று வருடம் அப்படிச் சொல்லிவிட்டு, போன வருடம் ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து பத்தாம் மாதம் அண்ணன் ஒரு வெட்டுத்துணியை மடித்துக் கொடுத்தனுப்பினார். உள்ளே ஒரே ஒரு வார்த்தை. படம்.

அன்றிலிருந்து ஃபோகஸ் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. கம்ப்யூட்டர் கடைக்காரர் எங்கிருந்தோ ஒரு பெல்ட்டைத் தேடிப் போட்டுக் கேமராவை ஓட வைத்தார். டேப்பில் இருப்பதைக் கம்ப்யூட்டருக்குள் இறக்க ஒரு வயரும் கொடுத்தார். மற்றதை ஃபோகஸ் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். இருபத்தாறு வருடம் பழுது பார்த்தவருக்கு இது ஒரு பெரிய விஷயமா?

முதல் சிடியில் பேராசைப்பட்டார். அண்ணன் வீட்டு டேப்புகள் ஆறு மணி நேரம் ஓடும். அத்தனையையும் ஒரே சிடியில் அடக்கினார். கம்ப்யூட்டரும் மறுபேச்சில்லாமல் அடக்கிக் கொடுத்தது. ஆறு பேர் ஏறும் லிஃப்டில் முப்பது பேரை ஏற்றின கதைதான். அசையாமல் இருக்கிற சுவரும் முகமும் பரவாயில்லாமல் இருந்தன. அசைகிறதெல்லாம் சதுரம் சதுரமாக உடைந்தது. இரண்டாவதில் அந்த ஒரு டேப்பை மட்டும் போட்டார். கூடவே, பழைய படத்தின் புள்ளிகளைத் துடைக்கும் வசதி ஒன்று இருக்கக் கண்டு அதையும் போட்டுவிட்டார். அது புள்ளிகளோடு சேர்த்து விரல்களையும் துடைத்துவிட்டது. மூன்றாவதில் துடைப்பதை நிறுத்தினார். சீப்புப் பல் வந்தது.

"ஏங்க, முப்பது மாடி லிஃப்டை ஏத்தி எறக்கின ஆளு, ஒரு தட்டோட மல்லுக்கட்டறீங்களே" என்றாள் மனைவி.

"ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும். அப்பத்தான் எது கோளாறுன்னு தெரியும்."

"ஒண்ணொண்ணா மாத்துங்க. உங்க அண்ணன் அதுவரைக்கும் டிவி முன்னாடியே உக்காந்திருக்கட்டும்."

அவருடைய பிடிவாதத்துக்கு நான்காம் வாரம் பலன் கிடைத்தது. டிவியில் வரும் ஒவ்வொரு படமும் இரண்டு பாதியாக வருகிறது, ஒற்றை வரிகள் ஒரு பாதி, இரட்டை வரிகள் ஒரு பாதி. எந்தப் பாதி முதலில் என்பதைத் தப்பாகச் சொல்லிவிட்டால் அசைகிற பொருள் ஒரு எட்டு முன்னால் போய் அரை எட்டுப் பின்னால் வரும் என்று எங்கோ படித்தார். படித்ததும் தொடையில் தட்டிக்கொண்டார். லிஃப்டுக்கு உள்கதவு ஒன்று, வெளிக்கதவு ஒன்று. வரிசை மாறித் திறந்தால் என்ன ஆகும் என்று அவருக்கா தெரியாது? வரிசையை மாற்றினார். படத்தை ஒவ்வொன்றாய் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். அண்ணியின் சுட்டுவிரல், மோதிர விரல், மணிக்கட்டில் நழுவிய வளையல், எல்லாம் தனித்தனியாக நின்றன. அவளுடைய கைகளை அவர் உற்றுப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பத்து நொடி பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ஒரு தளத்தில் ஒழுங்காக நின்றால் எல்லாத் தளத்திலும் நிற்கும் என்பது அவருடைய தொழில் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்காவது சிடியோடு மனைவியையும் கூட்டிக்கொண்டு அவரே போனார்.

அண்ணன் தையல் மெஷினுக்குத் துணி போட்டு மூடியிருந்தார். சட்டைப் பித்தான்களைக் கழுத்துவரை போட்டிருந்தார். டிவிக்கு எதிரே நான்கு நாற்காலிகள். மகள் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவின் கைகள் சொல்லச் சொல்லச் சித்தப்பாவுக்கும் சித்திக்குமாக வாய்விட்டுச் சொன்னாள்.

"இவர் நாற்காலி தூக்கப் போயிருக்கார். வர்றதுக்குள்ள சொல்லிடறேன். இருபத்தஞ்சு வருஷத்துல எனக்கு ஒரு ரவிக்கைகூட அளவெடுத்துத் தைச்சதில்ல இந்த மனுஷன். ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் அளவு டேப்பு. எனக்கு மட்டும் கண்ணளவு. கேட்டா, உன் அளவு எனக்குத் தெரியாதாங்கறார்."

அண்ணனின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார். அவர் சிரித்து ஃபோகஸ் பார்த்து ஒரு வருடம் ஆகப் போகிறது. கை நன்றாகத் தெரிகிறதா என்று ஃபோகஸ் மனைவியை முழங்கையால் இடித்தார்.

"அவருக்கு நேரா ஒண்ணு நான் சொன்னதே இல்ல," மகளின் குரல் கொஞ்சம் இறங்கியது. "கூச்சம். இன்னைக்கு அவர் இல்லாதப்ப சொல்லிடறேன். என்னன்னா..."

திரையில் அண்ணியின் முகம் நெருங்கி வரத் தொடங்கியது. ஆடாமல், திணறாமல். வயிறு கீழே போயிற்று. நெஞ்சு கீழே போயிற்று. கைகள் தண்ணீரில் இறங்குவதுபோல இறங்கி, விரல் நுனிகள் மட்டும் ஒரு தடவை எட்டிப் பார்த்து, அவையும் போய்விட்டன. திரை முழுவதும் முகம். கண்ணில் நீர் கோத்திருப்பதுகூடத் தெரிகிற அளவுக்குத் தெளிவான முகம். புருவம் ஏறுகிறது, இறங்குகிறது. உதடு லேசாகக் கோணுகிறது. ஐம்பது நொடி. பிறகு தலை திரும்புகிறது, சிரிக்கிறாள், அவ்வளவுதான்.

மகள் பேசுவதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தாள்.

முகத்துக்குள் போய்ச் சேர்ந்த அந்தப் பத்து நொடி ஃபோகஸுக்கு நன்றாக நினைவிருந்தது. அண்ணிக்குக் கண் கலங்குகிறது, விடாதே, போ என்று அன்றைக்குத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது நினைவிருந்தது. அவர் எடுத்ததிலேயே நல்ல இடம் அது என்று இத்தனை வருடமும் மனதில் வைத்திருந்தார்.

அண்ணன் அவர் பக்கம் திரும்பினார். இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். அதற்குக் கைப்பேச்சு தெரிய வேண்டியதில்லை. எங்கே?

"டிவி..." என்றார் ஃபோகஸ். அண்ணனுக்குப் புரிய வேண்டும் என்று வாயை நிறுத்தி நிறுத்தி அசைத்தார். "டிவி கீழ வெட்டுது. சைஸ் மாறியிருக்கு. அடுத்த சிடியில சரியாயிடும்."

அண்ணன் தலையாட்டினார். தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். கையை ஆட்டிக் காட்டினார். இவருக்குத் தெரிந்த ஒன்பது சொற்களில் ஒன்று அது. நாளைக்கு.

மாடிப்படியில் மகள் பின்னாலேயே இறங்கி வந்தாள். சித்தி இரண்டு படி முன்னால் போய்விட்டாள்.

"டிவி வெட்டுதா, சித்தப்பா?"

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாப்பா, நீயே அப்பாகிட்ட கொஞ்சம் பதமா..."

"நான் சொல்ல மாட்டேன். பொறந்ததுலேர்ந்து இந்தக் குடும்பத்துக்கு நான்தான் வாயி. டாக்டர்கிட்ட போனா நான், வாடகைக்கு வீட்டுக்காரன் வந்தா நான், செத்த அன்னைக்கு அம்மா போயிட்டாங்கன்னு அப்பாகிட்ட சொன்னதும் நான். இதை நீங்க சொல்லுங்க."

"எனக்கு அந்தக் கையெல்லாம் வராதும்மா."

"தெரியும்" என்றாள். "அதான் மூஞ்சிக்குப் போயிட்டீங்க."

வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. பரணிலிருந்து டேப்புகளை இறக்கினார். முப்பத்தொன்று இருந்தன. அண்ணி வருகிற இடமெல்லாம் தேடினார். வேறு எங்காவது, வேறு ஒரு நாளாவது, அதே வார்த்தையை அவள் சொல்லியிருக்க மாட்டாளா? ஏழு டேப்பில் இருந்தாள். ஒரு சின்னப் பிள்ளைக்குப் பொம்மை காட்டுகிறாள், யாரையோ மிரட்டுகிறாள், சமையலறை வாசலில் நின்று நீளமாக எதையோ முறையிடுகிறாள். ஒவ்வொரு தடவையும் கைகள் எழும், உடனே முகம் நெருங்கி வரும். தன் விரலைத் தானே பிடித்து முறிக்க வேண்டும் போலிருந்தது. சொல்லி வைத்தாற்போல, ஒன்று விடாமல், எல்லாவற்றிலும் அவள் பேச ஆரம்பித்த கணத்தில் அவள் வாயை இவர் அடைத்திருந்தார்.

கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் போய் நின்றார்.

"அண்ணே, ஓரத்துல வெட்டுப்பட்டிருந்தா இழுத்துக் கொண்டாந்துடலாம். மங்கலா இருந்தா ஏதோ கொஞ்சம் தேத்தலாம். கேமரா பார்க்காததை நான் எங்கேர்ந்துண்ணே கொண்டுவர்றது?"

"ஒரு சாஃப்ட்வேரும் இல்லையா?"

"இருக்கும். அதுவா ஒரு கையை வரைஞ்சு குடுக்கும். அது உங்க அண்ணி கையாண்ணே?"

அவர் திரும்பி வந்துவிட்டார்.

ஐந்தாவது சிடியை எதற்காகச் செய்கிறோம் என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. படம் முழுவதையும் சின்னதாக்கினார். நான்கு பக்கமும் கறுப்பு ஓரம் விட்டார். டிவி எந்த மூலையையும் வெட்ட முடியாது. எடுத்தது எடுத்தபடி, கடைசி வரி வரைக்கும் தெரியும். தன் வாய் சொல்லாததை அந்தக் கறுப்பு ஓரம் சொல்லிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. மகளிடம் கொடுத்தனுப்பிவிடலாம் என்று பார்த்தார். மனைவிதான் செருப்பை எடுத்து அவர் முன்னால் போட்டாள்.

"கொடுத்தனுப்பற வேலையெல்லாம் வேண்டாம். எழுந்திருங்க."

அண்ணன் அன்றும் கழுத்துவரை பித்தான் போட்டிருந்தார்.

படம் ஓடியது. நாற்காலி, அளவு டேப்பு, கண்ணளவு எல்லாம் வந்தன. மகள் இம்முறை எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. முகம் நெருங்கியது. கைகள் இறங்கின. அவை இறங்கிய இடத்தில் ஒரு நேர்க்கோடு, அதற்குக் கீழே கறுப்பு.

அண்ணன் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனார். துணியின் ஓரத்தைத் தடவிப் பார்ப்பவர்போல அந்தக் கோட்டை இடமிருந்து வலமாக ஒரு விரலால் தடவினார். திரும்பித் தம்பியைப் பார்த்தார்.

ஃபோகஸ் வாயைத் திறந்தார். உதடுதான் அசைந்தது, எந்த வார்த்தைக்கு என்று அவருக்கே தெரியவில்லை. மகளைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் வலது கையை மடக்கிக் கேமராபோல் கண்ணருகே வைத்தார். இடது கையால் தன் நெஞ்சைத் தொட்டார். நான். பிறகு அந்தக் கேமராக் கையை அண்ணனின் முகத்தை நோக்கி மெல்ல மெல்லக் கொண்டுபோனார். ஆடாமல் கொண்டுபோக முடியவில்லை. முகத்துக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்திவிட்டு, இன்னொரு கையால் அண்ணனின் இரண்டு மணிக்கட்டுகளையும் சேர்த்துப் பிடித்துக் கீழே அழுத்தினார்.

ஐம்பது வருடத்தில் அண்ணனிடம் அவர் கையால் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

அண்ணன் மணிக்கட்டுகளை விடுவித்துக்கொண்டார். அடிக்கவில்லை. தோளைத் தட்டவுமில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஃபோகஸ் நினைத்தார். அண்ணன் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். சுட்டுவிரலை ஒரு சுற்றுச் சுற்றினார். மறுபடி.

ஃபோகஸ் ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டினார். முகம் நெருங்கியது.

இந்தத் தடவை அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை என்பது கொஞ்சம் கழித்துத்தான் அவருக்குத் தெரிந்தது. கழுத்துக்கு இரண்டு பக்கமும் மிச்சமிருந்த தோள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணியின் வலது தோள் ஒரு தடவை ஏறியது, இறங்கியது. இடது தோள் முன்னால் வந்தது. பிறகு வலது தோள் சின்னதாக மூன்று துடிப்பு. அண்ணன் தன் கைகளைத் தூக்கினார். ஏதோ ஒன்றைச் சொல்லிப் பார்த்தார். சொல்லும்போது தன் தோள் எப்படி ஏறுகிறது என்று குனிந்து பார்த்தார். தலையை ஆட்டினார். இல்லை. வேறொன்றைச் சொல்லிப் பார்த்தார்.

மறுபடி.

"என்ன சொல்றார், பாப்பா?" என்று ஃபோகஸ் மெதுவாகக் கேட்டார்.

மகள் அப்பாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் எதுவும் சொல்லல, சித்தப்பா. தேடறார்."

"கிடைக்குமா?"

படம் அந்த மூன்று துடிப்புக்கு வந்ததும் அண்ணன் நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். ஃபோகஸ் நிறுத்தினார். அசைவில்லாத படம் கீறலின்றி, பல்லின்றி, அவ்வளவு சுத்தமாக நின்றது. அண்ணன் வலது கையை மூன்று தடவை நெஞ்சுக்கு முன்னால் அசைத்துப் பார்த்தார். கொஞ்சம் உயர்த்தி அசைத்துப் பார்த்தார். இல்லை.

சுட்டுவிரல் மறுபடி சுற்றியது. ஃபோகஸ் பின்னால் ஓட்டினார்.